சுருக்கிச் சொன்னது

காலை பதினொன்று இருபது. அன்றைக்குக் காரியங்கள் கெட ஆரம்பித்தது அந்த நேரத்தில்தான். இவ்வளவு துல்லியமாகச் சொல்வதால் நான் அங்கே நின்று கடிகாரத்தைப் பார்த்ததாக நினைத்துவிட வேண்டாம். அப்போது நான் திருத்தங்கலில், ஆறாம் வகுப்பின் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, தமிழ் ஐயா கரும்பலகையில் எழுதிப்போட்ட பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொண்டிருந்தேன். தொலைவில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. ஐயாவின் சாக்பீஸ் ஒரு கணம் நின்றது, பிறகு எழுதியது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் அப்படித்தான். சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு பிள்ளையும் மனதுக்குள் பார்த்து, அது தன் வீட்டு ஆள் வேலைக்குப் போன திசை இல்லை என்று தெரிந்ததும் குனிந்து எழுதத் தொடங்கிவிடும். நான் குனியவில்லை. அது என் அத்தை வேலைக்குப் போன திசை.

நேரத்தைக் கவனித்து வைத்திருந்தவள் அவள்தான். அப்பாவின் கடைசித் தங்கை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அவளை யாரும் அனுப்பவில்லை. அந்த நேரத்தை இரண்டு விரல்களில் எனக்குத் தெளிவாகச் சொன்னாள். நான்தான் அதை யாருக்கும் சொல்லவில்லை.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். போன மாதம் பள்ளியிலிருந்து வந்தவள், ஆய்வுக்கூடத்தில் குடுவை உடைந்த கதையைச் சொன்னாள். உடன் படிக்கும் பெண் கீழே போட்டுவிட்டாளாம், அவளை வெளியே நிற்க வைத்துவிட்டார்களாம்.

"ஏன் போட்டா?" என்று கேட்டேன்.

"சுட்டுச்சும்மா. துணி குடுக்காமலே தூக்கச் சொன்னாங்க."

"அதைச் சொன்னியா நீ?"

"அதை யாரும் கேக்கலையேம்மா."

தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றேன். தோசை கருகிய வாசம் வந்த பிறகுதான் அசைந்தேன். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கே போய்விட்டேன். "எங்கம்மாகிட்ட ஒண்ணு சொன்னா அது எஃப்.ஐ.ஆர். ஆயிரும்" என்று மகள் தோழிகளிடம் அலுத்துக்கொள்வதும் எனக்குத் தெரியும். அலுத்துக்கொள்ளட்டும். பாதியில் நின்ற பேச்சு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தியவள் நான்.

அத்தையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அவளோடு பேசத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அப்பாவுக்குச் சாப்பிடு, வா, போ, தூங்கு என்ற நாலு சைகை தெரியும். அம்மாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் அம்மா கைகளை அசைத்துக்கொண்டே வாயாலும் சத்தமாகக் கத்துவார். எனக்கு எல்லாம் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தவழும் காலத்திலிருந்து அத்தையின் மடியிலேயே கிடந்ததால், தமிழ் வாயில் வருவதற்கு முன்பே அவளுடைய பேச்சு என் கையில் வந்துவிட்டதாம். யாராவது வீட்டுக்கு வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "ஏ பாப்பா, உங்க அத்தைகிட்டக் கேளு, கல்யாணத்துக்கு வாராளான்னு." நான் விளையாட்டை விட்டுவிட்டு மகாராணி மாதிரி வந்து கேட்டுச் சொல்வேன்.

அத்தை எல்லோருக்கும் பெயர் வைத்திருந்தாள். அப்பாவுக்கு இடது தோளைத் தட்டுவாள், துண்டு போடும் தோள். அம்மாவுக்கு மோவாயில் ஒரு விரல், அங்கே அம்மாவுக்கு மச்சம். எனக்குக் காது மடலைப் பிடித்து இழுப்பாள். காது குத்தியபோது புண்ணாகி ஒரு மாதம் அழுதேனாம். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த பெரியப்பாவுக்கு மணிக்கட்டில் இரண்டு தட்டு, அவர் பேச்சுக்குப் பேச்சு வாட்ச் பார்ப்பவர் என்பதால். தெருவில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவருடைய நடையை இரண்டு அடி நடந்து காட்டுவாள். அதற்குப் பிறகு அது யார் என்று கேட்க ஆளே இருக்காது.

அவளுடைய பேச்சில் எனக்குப் பெரிதாகத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. தமிழில் "தண்ணி தூக்கிட்டு வந்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். குடமா வாளியா, நிறைகுடமா அரைக்குடமா, ஏறுவெயிலா சாயங்காலமா, எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அத்தையால் அப்படிச் சொல்ல முடியாது. தூக்கினாள் என்று அவள் கை சொல்லும்போதே இடுப்பு ஒருபக்கம் ஒடியும். குடம் தெரியும், கனம் தெரியும், தூக்கியவளுக்கு அன்றைக்கு உடம்பு முடியவில்லை என்பதுகூடத் தெரியும். ஒன்றைச் சொன்னால் அதோடு ஒட்டியிருப்பது அத்தனையும் வந்துவிடும். அதனால் அவளுக்குச் சொல்ல நேரமாகும். "சின்ன விஷயத்துக்கு உங்க அத்தை வில்லுப்பாட்டே நடத்திருவா" என்று அம்மா சிரிப்பார். நானும் சிரிப்பேன். பிறகு அதை ஒரு வரியாக்கி எல்லோருக்கும் சொல்வேன்.

அதே பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆறு வருடங்களில், அத்தை சில நேரம் எனக்குத் தெரியாத சைகைகள் செய்வாள். ஐந்து விரலையும் குவித்து நெற்றியில் வைப்பாள், அல்லது முழங்கையைச் சொறிவது போல எதையோ காட்டிவிட்டுத் தானே சிரிப்பாள். நான் "அப்படி இல்லை" என்று தலையசைத்து, எது சரி என்று காட்டிக்கொடுப்பேன். அவளுடைய மொழியில் அவளையே திருத்துவேன். அவளும் பொறுமையாகத் தலையாட்டிக்கொள்வாள்.

அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் பெரியப்பா. அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். கெட்ட மனிதர் இல்லை. இதை நான் பயந்து சொல்லவில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது தன் பிள்ளைகளுக்கு எடுத்த கடையிலேயே எனக்கும் எடுப்பார். "வாய் இல்லாத பிள்ளைக்கும் ஒரு பிழைப்பு வேணும்லா" என்று அத்தையைப் பின்னல் அறையில் உட்கார வைத்தார். சரவெடியைத் திரியோடு திரி சேர்த்து ஜடை மாதிரி பின்னும் வேலை. அந்த அறைக்கு எதிரே, நடுவில் வெறும் மண்தரை விட்டு, வெடிமருந்து செலுத்தும் அறை. ஒரு அறையில் தீப்பிடித்தால் அடுத்ததுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. வாசலுக்கு நேர் வாசல். அத்தை உட்காரும் இடத்திலிருந்து எதிர் அறையின் உள்சுவர் வரை தெரியும்.

எதிர் அறையில் வேலை பார்த்த அக்காவுக்குத்தான் அன்றைக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோனது. மற்ற மூவர் வெளியே ஓடிவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் அறையிலிருந்த மூவரும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. அந்த அக்கா மயக்கத்தில் இருந்தார். பார்த்தவள் ஒருத்திதான். மூன்றாம் நாள் அதிகாரி ஒருவர் விசாரிக்க வருகிறார் என்றதும், அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு என்ன பெருமை! கம்பெனி ஆபீஸ் அறையில் சுழலும் நாற்காலி ஒன்று இருந்தது. அதில் என்னை உட்கார வைத்தார்கள். தலைக்கு மேலே பேன். பெரியப்பா ஆரஞ்சுக் கலர் சோடா ஒன்றை உடைத்து என் கையில் கொடுத்தார். அப்பா துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி சுவரோரம் நின்றார். அத்தை எனக்கு எதிரே ஸ்டூலில். அவள் புருவத்தில் கொஞ்சம் பொசுங்கியிருந்தது.

"பாப்பாவுக்குப் பயம் ஒண்ணுமில்லையே?" என்று பெரியப்பா குனிந்து கேட்டார். "அத்தை என்ன சொல்றாளோ அதைச் சொன்னாப் போதும். சுருக்கமாச் சொல்லு தாயி. சாருக்கு இன்னும் ரெண்டு எடத்துக்குப் போகணும்."

அவர் என்னை மிரட்டவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. சுருக்கமாக. அந்த வாரம்தான் தமிழ் ஐயா என் நோட்டை வகுப்பில் தூக்கிக் காட்டி, சுருக்கி எழுதுவது என்றால் இப்படி எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

அதிகாரி அலுப்போடு ஆனால் மரியாதையாகக் கேட்டார். "அன்னைக்கு என்ன பாத்தாங்கன்னு கேளும்மா."

கேட்டேன். அத்தை ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் சொன்னது இதுதான். முதலில் மணிக்கட்டில் இரண்டு தட்டு: பெரியப்பா. அவர் நடந்து வருகிறார், கையில் ஏந்திய ஒரு தட்டு. தட்டில் மருந்து. எவ்வளவு மருந்து? வழக்கமாக விளிம்புக்கு இரண்டு விரல் கீழே இருக்கும். அன்றைக்கு விளிம்புக்கு மேலே கும்பலாக. ஒரு நடைக்குப் பதிலாக இரண்டு நடை மருந்து. அதை வாசலிலேயே, ரப்பர் விரிப்பு முடிந்து சிமிண்டுத் தரை தொடங்கும் இடத்தில் வைக்கிறார். எதிர் அறை அக்கா எழுந்து வருகிறார். குனிந்து இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்கிறார், தட்டு எழவில்லை. அத்தையின் தோள் நரம்பு புடைத்தது. அக்கா கையை விரிக்கிறார்: கனம், எடுத்துக்கொண்டு போங்க, பாதியாக்கிக் கொண்டுவாங்க. பெரியப்பா தலையசைக்கவில்லை. மணிக்கட்டைத் தூக்கி வாட்ச்சைக் காட்டுகிறார், அதை விரலால் தட்டுகிறார். அக்கா மறுபடி கையை விரிக்கிறார். மறுபடி வாட்ச். பிறகு அவர் திரும்பி, மண்தரையைத் தாண்டி, அத்தையின் அறை வாசலில் வந்து நின்று வாட்ச்சைப் பார்க்கிறார். அத்தையும் அதைப் பார்க்கிறாள். இடது சுட்டுவிரலைப் பாதி மடக்கிச் சின்ன முள்ளாகவும் வலது சுட்டுவிரலை நீட்டிப் பெரிய முள்ளாகவும் வைத்துக் காட்டினாள். சின்னது பதினொன்றைத் தாண்டி, பெரியது நாலில். அவருடைய தோளுக்குப் பின்னால், அக்கா சுற்றிலும் பார்க்கிறார். உதவிக்கு யாரும் திரும்பவில்லை. குனிந்து தட்டை இழுக்கிறார். அந்த இழுப்பில் அத்தையின் முதுகு முழுவதும் வளைந்தது. தட்டின் அடியில் மணல். அதற்கு மேல் அத்தை ஒன்றும் காட்டவில்லை. இரண்டு கையையும் மார்பின் முன் விரித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பாவும் பார்த்தார். அவர் நெற்றி வேர்த்திருந்தது. என் கையில் அவர் வாங்கிக் கொடுத்த கலர் பாட்டில் சில்லென்று இருந்தது.

நான் சொன்னேன்: "எதிர் அறை அக்கா தட்டைத் தரையில இழுத்தாங்களாம். தீப்பிடிச்சிருச்சாம்."

ஒரு சொல் பொய் இல்லை. இன்றைக்கு வரை என்னை அசைப்பது அதுதான். பொய் சொல்லியிருந்தால் என்றைக்காவது அழுது தீர்த்திருப்பேன். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அத்தனை அழகாகச் சுருக்கியிருந்தேன். எதை விட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தமிழில் "இழுத்தாங்க" என்று ஒற்றைச் சொல்லில் அந்தக் கனத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நின்றுகொள்ள முடிந்தது. அத்தையின் கைகளால் அது முடியாது.

"தட்டை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கோம் சார், எல்லாருக்கும்" என்றார் பெரியப்பா. அவர் குரல் தணிந்திருந்தது. அதுவும் உண்மை.

அதிகாரியோடு வந்திருந்த எழுத்தர் எழுதினார். அஜாக்கிரதையாக இழுத்ததில் உராய்வு ஏற்பட்டு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். அந்த ஒரு வார்த்தை தாளில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அஜாக்கிரதைக்காரிக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு யாரும் வரமாட்டார்கள். வெந்த கை ஆறி வந்தாலும் எந்தக் கம்பெனி வாசலும் திறக்காது. அவருடைய இரண்டு மகள்களுக்கும் திறக்காது. "அவ மகளா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள்.

அத்தைக்கு நான் சொன்னது கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு நேரம் தெரியும். அவள் அவ்வளவு நேரம் சொன்னதை நான் இரண்டு மூச்சில் முடித்துவிட்டதை அவள் பார்த்துவிட்டாள். முகம் மாறவில்லை. குழந்தைக்கு விளங்கவில்லை என்றே நினைத்திருப்பாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், இன்னும் நிதானமாக. கும்பலான மருந்து. எழாத தட்டு. விரித்த கை. வாட்ச். வாட்ச்.

"என்னம்மா, வேற ஏதும் சொல்றாங்களா?"

"அதையேதான் சார் சொல்றாங்க."

இப்போது அத்தை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வர்ணிக்க எனக்குத் தெரியாது. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். என் முகத்தில் எதையோ படித்து முடித்தவள் போல ஒருமுறை மெல்லத் தலையாட்டினாள். பிறகு எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

"கோவிச்சுக்கிட்டா சார்" என்றார் பெரியப்பா. "இவ எப்பவும் இப்படித்தான். மனசுக்குப் பிடிக்கலைன்னா முதுகைக் காட்டிருவா."

எழுத்தர் மைப் பெட்டியைத் திறந்து மேசை ஓரத்தில் வைத்தார். அத்தையின் கைநாட்டு விழுந்தால் வேலை முடிந்தது. அப்பா தரையை இரண்டு முறை மிதித்தார். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம், அதிர்வு அவள் காலுக்குத் தெரிந்துவிடும். அவள் திரும்பவில்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வெயில். அவள் முழங்கைகள் மட்டும் பின்னாலிருந்து அசைவது தெரிந்தது. அழுகிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நாற்காலியைச் சுழற்றிக்கொண்டேன்.

"வரச் சொல்லும்மா, நேரமாகுது" என்றார் அதிகாரி.

"ஏ பாப்பா, போயிக் கூட்டிட்டு வா" என்றார் அப்பா. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் எழுந்து அவள் அருகே போனேன். அவள் அழவில்லை. இரண்டு கைகளும் ஜன்னல் உயரத்துக்கு எழும்பி, வீட்டில் நான் பார்த்தே இராத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பாதிச் சைகைகள் எனக்கு விளங்கவில்லை. ஐந்து விரலைக் குவித்து நெற்றியில் வைத்தாள், நான் எத்தனையோ முறை திருத்திவிட்ட அதே சைகை. வெளியே பார்த்தேன். நல்ல தூரத்தில், வேப்பமரத்தடியில், விசாரணைக்கென்று வரச் சொல்லிவிட்டு யாரும் எதுவும் கேட்காமல் உட்கார வைத்திருந்த பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. எல்லோரும் இந்த ஜன்னலையே பார்த்தார்கள். ஒரு பெண் சோற்றுக் கையை அப்படியே தூக்கி, முழங்கையில் எதையோ காட்டினாள். அத்தை பதில் காட்டினாள். இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள். பிறகு எல்லோரும் எழுந்தார்கள்.

அதற்குப் பின் நடந்ததை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது.

அந்த இடைவெளி விட்டுக் கட்டிய அறைகளில், ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குக் கத்திப் பேசினால் பெரியப்பா சத்தம் போடுவார். அதனால் அந்தப் பெண்கள் ஆறு வருடமாகக் கையால் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கைப்பேச்சு அத்தையிடமிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்ததை அப்படியே வைத்திருக்கவும் இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு சைகை, முதலாளி வருகிறார் என்பதற்கு ஒன்று, இன்றைக்குக் குழம்பு சரியில்லை என்பதற்கு ஒன்று, போர்மேன் காதில் விழாமல் போர்மேனையே கிண்டல் செய்ய நாலைந்து. ஐந்து விரலைக் குவித்து நெற்றியில் வைத்தால் "இது நான் கண்ணால் பார்த்தது, கேள்விப்பட்டது இல்லை" என்று அர்த்தம். அப்படி ஒரு சொல் எங்கள் வீட்டில் தேவைப்பட்டதே இல்லை. எங்கள் வீட்டில் குழந்தையாகவே இருந்த மொழி, அங்கே வேலைக்குப் போய், வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளைகுட்டி பெற்றிருந்தது.

அதிகாரி முதலில் நம்பவில்லை. "எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார். "அப்ப ஒவ்வொருத்தியாக் கேளுங்க சார், மத்தவுகள வெளிய நிப்பாட்டுங்க" என்றார்கள். அவர் அப்படியே செய்தார். ஜன்னலைச் சாத்தி, ஒருவர் போன பிறகு ஒருவராக உள்ளே கூப்பிட்டு, அத்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அத்தை அலுக்கவில்லை. நாலு பேர் வந்து நாலு விதமான தமிழில் சொன்னார்கள். ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள், ஒருத்தி பெரியப்பாவைப் போலவே வாட்ச்சைத் தட்டிக் காட்டி எழுத்தரைச் சிரிக்க வைத்துவிட்டாள். ஆனால் நாலு பேரும் இரண்டு நடை மருந்து என்றார்கள். நாலு பேரும் தட்டு எழவில்லை என்றார்கள். நாலு பேரும் பதினொண்ணு இருபது என்றார்கள். நாலாவது ஆள் அதைச் சொன்னபோது அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அத்தையை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "இவங்க ஸ்டேட்மெண்ட்டைப் புதுத் தாள்ல எழுதுங்க" என்று எழுத்தரிடம் சொன்னார். அஜாக்கிரதை என்ற சொல் பழைய தாளோடு போய்விட்டது. பெரியப்பா வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நான்தான் சார் கொண்டு வச்சேன். சீசன் சார். லோடு நின்னுக்கிட்டிருந்துச்சு" என்று கடைசியில் அவரே சொன்னார். அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

எதிர் அறை அக்கா மாதக்கணக்கில் கிடந்து எழுந்து வந்தார். விரல்கள் முன்போல மடங்கவில்லை. ஆனாலும் அத்தையோடு அவர் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். மடங்காத விரல்களால் பேசுவது ஒரு மாதிரிக் கொன்னையாக இருக்கும். அத்தைக்கு அது விளங்கியது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அத்தை எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தாள். வழியெல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஊர் வரும் சமயம் தன் காது மடலை ஒருமுறை பிடித்து இழுத்தாள். என் பெயர். என்ன என்று திரும்பிப் பார்த்தேன். பெயரை மட்டும் சொல்லி வைத்தாள்.

இன்றைக்கு நான் விருதுநகரில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். சுருக்கி எழுதும் கேள்வியை வினாத்தாளில் வைப்பவளும் நான்தான். வைக்கும் ஒவ்வொரு முறையும், விட்டதில் என்ன இருந்தது என்று பிள்ளைகளைத் தனியாகச் சொல்லச் சொல்கிறேன். அதற்கு மதிப்பெண் கிடையாது. பாடத்திட்டத்திலும் இல்லை.

சரி, அந்த ஜன்னலுக்கு வருகிறேன்.

பெண்கள் வெயிலில் மண்தரையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். பெரியப்பா வாசலை மறித்தார். "ஏ, யாரு உங்களை வரச் சொன்னது? சாரு கூப்பிட்டாகளா?"

"அவ கூப்பிட்டா அண்ணாச்சி" என்றார் முன்னால் வந்த பெண். பின்னல் அறையில் மூத்தவர், நரைமுடி, கன்னத்தில் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. "உங்களுக்குத்தான் கேக்கல."

பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. அந்தப் பெண் அத்தையைப் பார்த்து, மூன்று விரல்களை ஒன்றோடொன்று பின்னிக் காட்டினார். அத்தை உடனே திரும்பினாள், பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் திரும்புவது போல. அது அவள் பெயர். வேகமாகப் பின்னுகிறவள். வீட்டில் எங்கள் எல்லோருக்கும் பெயர் வைத்தவளுக்கு, பதினோரு வருடத்தில் நான் ஒரு பெயர் வைத்திருக்கவில்லை. தரையை மிதித்தே கூப்பிட்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது வந்தது வெட்கமும் இல்லை, நிம்மதியும் இல்லை. கோபம்தான் வந்தது. இது எங்கள் வீட்டு மொழி, இதை யார் இவர்களுக்குக் கொடுத்தது, என் அத்தைக்குப் பதிலாகப் பேச இவர்கள் யார் என்று நினைத்தேன். என் ஒருத்தியிடம் மட்டும் இருந்த வரையில் அது என் தயவில் இருந்த மொழி என்பதும், என் கையை விட்டுப் போனதால்தான் அன்றைக்கு அது தப்பித்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை. சுழலும் நாற்காலிக்கு ஓடிப்போய் உட்கார்ந்து, அதை யாரும் பிடுங்கிவிடாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்று அதிகாரி கேட்டார். "இந்தப் பாப்பாதான் எல்லாத்தையும் சொல்லிருச்சே. வாக்குமூலம் முடிஞ்சுபோச்சு."

அந்தப் பெண் மேசையில் திறந்திருந்த மைப் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மைப் பெட்டியின் மூடியை எடுத்து, சத்தமில்லாமல் மூடினார்.

"இல்ல சார்" என்றார். "அவ இன்னும் பேசி முடிக்கல."